விடியுமுன் வைத்த கடவுச்சொல்

காலை 8.47 ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். மடியில் மடிக்கணினி. ரயிலில் சும்மா உட்காரத் தெரியாது எனக்கு. பழைய ரப்பர்த் தோட்ட வரலாறுகளைப் படித்து, தேதி பிசகிய இடங்களில் பென்சிலால் திருத்துவேன். இல்லையென்றால் வேலை பார்ப்பேன். அன்று வேலை பார்த்தேன். அதுதான் தப்பு.

போர்ட் கிள்ளானில் ஒரு லோரி நிறுவனம். அவர்களுடைய கணினி வேலைகளைப் பார்ப்பவன் நான். துறைமுகத்துக்குள் போக லோரிக்கு ஒரு பாஸ் வேண்டும். அதை அச்சடிக்கும் நிரல் முன்பு மேசைக்கடியில் கிடந்த ஒரு கணினியில் ஓடியது. லோரிகளை அனுப்பும் பொறுப்பிலிருந்த பெண் முதலாளியிடம் வாதாடி, என் வார்த்தையை நம்பி, அதை கிளவுடில், இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்ற வைத்தாள். "அண்ணன் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொன்னதை நானே கேட்டேன்.

பெட்டாலிங் தாண்டியதும், அந்த மெஷினின் தடுப்புச்சுவரை இறுக்க ஒரு வரி தட்டினேன். யார் யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலில் என் வீட்டு இணைப்பை மட்டும் எழுதியிருந்தேன். நானோ ரயிலில் இருந்தேன்; லோரி அலுவலகமும் பட்டியலில் இல்லை. திரை அப்படியே நின்றுவிட்டது. மணி 9.02.

மூன்று நிமிடத்தில் அவள் அழைத்தாள்.

"அண்ணே, பாஸ் வரல. சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. ஏழு லோரி நிக்குது. கப்பலுக்கு பதினொன்றரை க்ளோசிங் லா."

"இரும்மா, பார்க்கிறேன்."

பின்னால், என் வரலாற்றுப் பேச்சைக் கேட்டுச் சலித்த ஒரு டிரைவரின் குரல்: "ஊர் வரலாறு எழுதறத விட்டுட்டு பாஸ அடிக்கச் சொல்லு!"

வழி இல்லாமல் இல்லை. சீரியல் கன்சோல் என்று ஒன்று உண்டு. வலையமைப்பு அடைத்துக்கொண்டாலும், மெஷினின் முன்னாலேயே விசைப்பலகையோடு உட்கார்ந்ததுபோல, உலாவி வழியாகப் பேசலாம். இரண்டு வாரம் முன்பு, ஒரு புதன்கிழமை காலை ஆறரைக்கு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அதை அமைத்திருந்தேன். கிளவுட் பக்கத்தில் அனுமதி கொடுத்தேன். மெஷினுக்குள் அந்த வழியைத் திறந்து வைத்தேன். நான் வழக்கமாக நுழையப் பயன்படுத்தும் சாவிக் கோப்பு அங்கே செல்லாது, கடவுச்சொல்தான் கேட்கும் என்பதால் புதிதாக ஒன்று வைத்தேன். பெயர் கேட்கும் வரி திரையில் வந்தது. போதும் என்று மூடிவிட்டேன். உள்ளே நுழைந்து பார்க்கவில்லை.

கடவுச்சொல்லை எங்கும் எழுதவும் இல்லை. ஓர் ஊர்ப்பெயர், அதோடு சமையலறை நாட்காட்டியில் பார்த்த அன்றைய தமிழ்த் தேதி. நாட்குறிப்பு எழுதுகிறவன் தேதியை மறப்பானா?

சுபாங் ஜெயாவுக்கும் ஷா ஆலாமுக்கும் இடையில் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. பொறுக்க முடியாமல் பாடாங் ஜாவாவில் இறங்கி, நடைமேடைப் பெஞ்சில் கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரை. எண்டரைத் தட்டினால்தான் விழிக்கும், தட்டினேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். ஊர், பதினேழு. தவறு என்றது. ஊரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கித் தட்டினேன். தவறு. மூன்றாவதும் தவறினால் அரைமணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த விதியை வைத்தவனும் நான்தான்.

எழுந்து நடைமேடையின் கோடிவரை போய்த் திரும்பினேன். அவள் மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை. மனைவியை அழைத்தேன்.

"என் நாட்குறிப்புல அந்தப் புதன்கிழமையப் பாரு."

"'கன்சோல் தயார்'னு இருக்கு. தமிழ்த் தேதி பதினேழு. எழுதின நேரம் ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க."

"அதான் போட்டேன், எடுக்கல."

"அன்னிக்கு இருட்டுல எழுந்து சமையல்கட்ட அடைச்சுக்கிட்டீங்க. நான் விளக்குகூட வைக்கல. இப்ப என்னைத் திட்டாதீங்க."

திட்டவில்லை. எங்கள் வீட்டில் நாட்காட்டித் தாளைக் காலையில் சாமி விளக்கு வைத்த பிறகுதான் கிழிப்போம். சூரியன் வந்தால்தான் நாள் பிறக்கும் என்பது என் பிடிவாதம். இங்கே விடிய ஏழைத் தாண்டும். ஆறரைக்கு நான் தலைதூக்கிப் பார்த்த தாளில் செவ்வாய்க்கிழமை இருந்திருக்கிறது; ஒன்பதுக்கு நாட்குறிப்பு எழுதியபோதுதான் புதன்.

ஊர், பதினாறு. விரல் எண்டர்மேல் நின்றது. ஒரு ரயில் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. தட்டினேன். உள்ளே விட்டது.

தடுப்புச்சுவரை இறக்க ஒரே வரி. 9.52க்கு அவளை அழைத்தேன். "இப்ப அடி."

"வருது அண்ணே, வருது! ஏய், முதல் லோரி எடு!"

ஆறு லோரிகள் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தன. ஏழாவது, துறைமுக வாசல் வரிசையில் மாட்டி நான்கு நிமிடம் தாமதித்துத் திரும்பியது. நான் லோரிகள் நிற்கும் யார்டுக்குப் போனபோது அதன் டிரைவர், போனில் கத்தியவர்தான், லோரிப் படியில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க, வரலாறு. இதையும் எழுதிக்குங்க" என்றார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "லைன் பிரச்சினைன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன் அண்ணே. விட்டுடுங்க."

விட்டிருக்கலாம். ஆனால் இணைய லைனை நம்ப முடியாது என்று அவர் நினைத்தால் அடுத்த வாரமே மேசைக்கடிக் கணினி திரும்பி வரும். அவள் வாதாடியது வீண். மாடியேறி, அடைத்தது நான், திறக்கத் தடுமாறியதும் நான் என்று சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலைநிமிராமல், "கம்ப்யூட்டர் ஒழுங்கா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு. தப்பு என்னோடது."

"அப்ப அதுவே இருக்கட்டும். நீங்க ஒழுங்காயிடுங்க."

கீழே வந்து, அவளுக்கும் கன்சோலில் ஒரு கணக்கு வைத்தேன். தேதி இல்லாத கடவுச்சொல்லை அவளே தேர்ந்தெடுத்து, தாளில் எழுதி, உறையிலிட்டு அலமாரியில் பூட்டினாள். என் முன்னாலேயே தட்டி நுழைந்தாள், வெளியேறினாள்.

"இன்னொரு தரம்" என்றேன்.

நுழைந்தாள்.

"உறையை எடுத்துப் பாரு, எழுதினதும் தட்டினதும் ஒண்ணுதானே?"

"அண்ணே, போதும் லா" என்றாள். ஆனாலும் சாவியை எடுத்தாள்.