கதவு டீச்சர்

என் நாத்தனார் மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இந்த ஊரில் பாதிப் பேரின் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறாள். பாதிப் பேர் என்பது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேர் இருக்கும். அந்த நாற்பதில் நானும் ஒருத்தி என்பதால் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே எண்களுக்கு அடங்கி நடந்தது போதும்.

அவள் என் கணவருக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே மாலைப் பயிலகம் ஒன்றில் பேச்சுப் பயிற்சி ஆசிரியையாக இருந்தாள். பகலில் வேலை பார்ப்பவர்கள் சாயங்காலம் வந்து படிக்கிற இடம் அது. விற்பனைப் பிரதிநிதிகள், காப்பீட்டு முகவர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், நேர்முகத் தேர்வில் நாலு தடவை தோற்றவர்கள் என்று எல்லா வகையும் வரும். வந்த புதிதில் நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்:

"பேசறதுக்குக் கூடவா ஒரு டீச்சர்? ஒன்றரை வயசுலயே எல்லாரும் கத்துக்கறதுதானே?"

"கத்துக்கறாங்க அண்ணி. அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போய் மறந்துடறாங்க" என்றாள். நான் பள்ளிக்கூடத்து ஆள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பயிலகம் ஒரு மிதிவண்டிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். அந்தக் கட்டடம் முன்பு வங்கியாக இருந்ததாம். வகுப்பறையில் இருபது நாற்காலி, ஒரு கரும்பலகை. பின்னால் ஒரு சாமான் அறை; கால் உடைந்த நாற்காலிகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் அங்கே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே வங்கிக்காரர்கள் விட்டுப்போன ஒரு கதவு. நாலு விரற்கடைக் கனம். அதைத் திறக்கவே ஒருவேளைச் சாப்பாட்டுத் தெம்பு வேண்டும்.

ஒருநாள் அவள் சாக்பீஸ் எடுக்க உள்ளே போனபோது கதவு தன் கனத்திலேயே சாத்திக்கொண்டது. வெளியே மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். கதவைத் தாண்டி ஒரு வார்த்தை கூட விளங்கவில்லை. குரலின் ஏற்றமும் இறக்கமும் மட்டும் வந்தது. அவர் முடித்ததும் இவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "நடுவுல ஒரு இடத்துல பயந்தீங்களே, ஏன்?" என்று கேட்டாள். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மருந்தின் பக்க விளைவுகளைப் பற்றிச் சொன்ன இடமாம் அது.

அன்றிலிருந்து பாடம் முழுக்கக் கதவு வழியாகத்தான். மாணவர் கதவைப் பார்த்து நின்று பேச வேண்டும். இவள் உள்ளே ஒரு நாற்காலியில் பழுப்புக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, குரல் ஏறினால் கோட்டை ஏற்றி, இறங்கினால் இறக்கி வரைவாள். பேச்சு முடிந்ததும் வெளியே வந்து கோட்டில் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க என்ன சொன்னீங்க?" என்பாள். அங்கேதான் வண்டவாளம் வெளிப்படும். ஒரு காப்பீட்டு முகவரிடம் அப்படிக் கேட்டபோது அவர், "இந்தத் திட்டத்துல உங்களுக்கு எந்த நஷ்டமும் வராதுன்னு சொன்னேன் டீச்சர்" என்றார். "நீங்களே நம்பலையே" என்றாள் இவள். அவர் மறுநாளே வேலையை ராஜினாமா செய்துவிட்டார் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ராஜினாமா செய்யவில்லை. வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

"வாங்க" என்ற ஒரே வார்த்தையை ஒரு மாதம் சொல்ல வைப்பாள். எதிர்பார்த்த விருந்தாளிக்கு ஒரு வாங்க, ஏன்டா வந்தார் என்று தோன்றும் விருந்தாளிக்கு ஒரு வாங்க, தாமதமாக வரும் ஊழியருக்கு ஒன்று, வைத்தியருக்கு ஒன்று. நான் சும்மா வேடிக்கைக்கு ஒன்று சொல்லிப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து தலையை நீட்டி, "அண்ணி, அம்மா வந்தா இப்படித்தான் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். என் மாமியார் விஷயம் அதோடு சந்தி சிரித்தது. நாற்பதில் நான் சேர்ந்தது அப்படித்தான்.

பள்ளி விட்டதும் நான் பயிலகத்துக்குப் போய்விடுவேன். இருவரும் சேர்ந்து வீடு திரும்புவது வழக்கம். காத்திருக்கும் நேரத்தில் சாமான் அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். எனக்குக் கதவு வழியாகக் கேட்டதெல்லாம் குடத்துக்குள் வண்டு போட்ட சத்தம்தான். அவள் எப்படி அதில் ஆளைப் பிடித்தாள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் கோப்பை வந்தாள். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண். இருபத்தைந்து வயதிருக்கும். பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் ஏழு கோப்பை வாங்கியவள் என்பதால் உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய பிரச்சினை ஒரு பேருந்து. காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்படும் வண்டி. சலவைக்கூடத்துப் பெண்கள் நாற்பத்தொரு பேர் அதில்தான் போவார்கள். ஆறரைக்கு வேலை தொடங்கும். அதை நிறுத்தப்போவதாகப் போக்குவரத்து அலுவலகம் அறிவித்தது. அடுத்த வண்டி ஏழு மணிக்கு. "ஆறரைக்கு வர முடியாதவங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். கோப்பையின் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அம்மா படுக்கையில், தங்கை படிப்பில். மூன்று வாரத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். எல்லாரும் சேர்ந்து இவளைப் பேசச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் கதவுக்கு முன்னால் நின்று பேசினாள். "விடியலின் முதல் கதிரோடு புறப்படும் எங்கள் வாழ்வின் வாகனம் அது! அதை நிறுத்துவது எங்கள் மூச்சை நிறுத்துவது!" என்பது தொடக்கம் என்று பிற்பாடு தெரிந்தது. வார்த்தை விளங்காமலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேச்சு முடிந்ததும் வகுப்பு முழுக்கக் கைதட்டல். என் நாத்தனார் காகிதத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமும் படிக்கட்டு மாதிரி ஏறி, உச்சியில் நின்றிருந்தது. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

கதவைத் திறந்து, "பிரமாதம்மா. எல்லாரும் கை தட்டுவாங்க. பஸ் நின்னுடும்" என்றாள்.

கோப்பையின் முகம் சிவந்துவிட்டது. "ஏன் டீச்சர்? இப்படிப் பேசித்தானே ஏழு கப்பு வாங்கினேன்?"

"கப்பு குடுக்கறவங்களுக்கு இது சரி. ஒவ்வொரு வாக்கியத்தையும் மேல கொண்டுபோய் நிறுத்தி, தட்டுங்கன்னு நீ காத்திருக்கே. தட்டிட்டா கேக்கறவருக்கு வேலை முடிஞ்சுது. எழுந்து டீ குடிக்கப் போயிடுவார்."

மறுநாள் அவள் குரலை இறக்கிப் பேசினாள். கோடு தரையில் ஊர்ந்தது. "இது கெஞ்சல். பாவம்னு சொல்லுவாங்க. பாவம்னு சொல்லி யாரும் பஸ் விட மாட்டாங்க" என்று திருப்பி அனுப்பினாள் இவள். அதற்கடுத்த நாள் கோபமாகப் பேசினாள். "சண்டை. அவங்களும் சண்டைக்கு வருவாங்க." இப்படியே இரண்டு வாரம் போனது. பழுப்புக் காகிதம் தீர்ந்து புதுக்கட்டு வாங்கினோம். ஒருநாள் கோப்பை கதவு மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, "எனக்கு வரல டீச்சர். வேற யாரையாவது அனுப்பச் சொல்லிடறேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் கதவைத் தாண்டி எனக்கே விளங்கியது.

என் நாத்தனார் உள்ளேயிருந்து கதவோரம் வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்: "பேச்ச மடிச்சு பையில வெச்சுடு. இன்னைக்கு வேலையில காலையிலேருந்து யார்கிட்ட என்னென்ன பேசினியோ, அதையெல்லாம் அப்படியே கதவப் பாத்துச் சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வண்டு சத்தம் வந்தது. சிரிப்பு, சலிப்பு, யாரிடமோ சிணுங்கல். பென்சில் சோம்பலாக நகர்ந்தது. நான் மடியில் இருந்த தாள்கட்டிலிருந்து அடுத்த தாளை உருவினேன்.

திடீரென்று என் கை தானாகப் பின்னால் வந்தது.

இதில் மட்டும் நான் ஒரு இம்மி கூடக் கூட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. உரத்த குரலும் இல்லை. ஆனால் கேட்ட கணத்தில் என் விரல்கள் தாள்கட்டை விட்டு விலகி மார்போடு ஒட்டிக்கொண்டன. நாத்தனார் என் கையைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். ஒரு சமமான கோடு, கடைசியில் ஒரே ஒரு இறக்கம், தரையில் காலை ஊன்றியதுபோல. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் கரும்பலகையில் வரையாத வளைகோடு இல்லை. ஒரு கோடு ஆளின் கையைப் பிடித்து இழுக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

அவள் கதவைத் திறந்தாள். "கடைசியா என்ன சொன்ன?"

"புதுசா சேந்த பொண்ணுகிட்ட சொன்னது டீச்சர். 'அந்த மூட்டையில கை வெக்காத. உள்ள ஊசி இருக்கு.' வார்டுலேருந்து வர்ற துணியில சிலசமயம் ஊசி கிடக்கும்."

"அதுக்கு அவ கை தட்டினாளா?"

"ஐயோ, எதுக்குத் தட்டணும்? கையை எடுத்தா."

"இவங்களும் எடுத்தாங்க" என்று என்னைக் காட்டினாள் நாத்தனார். "இந்தக் குரல வேலையிலயே விட்டுட்டு வந்து ரெண்டு வாரமா என் காகிதத்த வீணாக்கியிருக்க."

மீதி நாளில் கோப்பை பேச்சை அந்தக் குரலுக்குத் தகுந்தபடி எழுதினாள். விடியலும் கதிரும் போயின. கூட்டத்துக்கு முந்தின நாள் சலவைக்கூடத்துப் பெண்களை என் நாத்தனார் வரச் சொல்லி, யாரும் கை தட்டக் கூடாது என்றாள். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம பொண்ணு பேசும்போது நாங்க தட்டாம இருக்கறதா? அப்ப எதுக்கு லீவு போட்டுட்டு வர்றோம்?"

"தட்டினா அது பேச்சுக்குப் போயிடும் அக்கா. பஸ்ஸுக்கு வராது."

அக்கா யோசித்தாள். "சரி. கை மேல உக்காந்துக்கறேன்" என்றாள். மறுநாள் உண்மையிலேயே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கூட்ட அரங்கில் மேடைமீது ஒரு நீள மேசை. நடுவில் தலைவர், கையில் பேனா, எதிரே நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி. கோப்பைக்கு முன்னால் கடைக்காரர் சங்கச் செயலாளர் பேசினார். கூரை அதிர்ந்தது, கைதட்டலும் அதிர்ந்தது. தலைவர் அவர் பேச்சில் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

கோப்பை எழுந்தாள். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இங்கே கூடியிருக்கும்..." என்று ஆரம்பித்ததும் குரல் பழைய படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிட்டது. சலவைக்கூடத்து வரிசையில் பழக்க தோஷத்தில் பல கைகள் மடியை விட்டு எழும்பின. கோப்பை அந்தக் கைகளைப் பார்த்தாள். நிறுத்தினாள். ஐந்து விநாடி போனது. எனக்கு அது ஐந்து வருஷம்.

பிறகு, ஊசியைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில எட்டு மணிக்கு முதல் ஆபரேஷன். டாக்டர் போடற அங்கி, நோயாளி படுக்கற விரிப்பு, எல்லாம் நாங்க துவைச்சு கொதிக்க வெச்சு அனுப்பணும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அஞ்சு நாப்பது பஸ்ஸுல வந்தா எட்டுக்கு துணி போயிடும். ஏழு மணி பஸ்ஸுல வந்தா ஒம்பதேகாலுக்குப் போகும். அந்த ஒன்னேகால் மணி நேரம் ஒருத்தர் வயித்துல ஒன்னும் இல்லாம, பயந்துகிட்டு, ஸ்ட்ரெச்சர்ல படுத்திருப்பாங்க. அது யாருன்னு எனக்குத் தெரியாது. பஸ்ஸ எடுக்காதீங்க."

உட்கார்ந்துவிட்டாள். மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. மணிக்கு வேலையே வரவில்லை. அரங்கில் ஒருவரும் கை தட்டவில்லை. கடைக்காரர் சங்கச் செயலாளர் வாய் திறந்தபடி இருந்தது. தலைவர் பேனாவை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "எத்தனை பேர் வர்றீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அவள் அதைச் சொல்லியே இருக்கவில்லை. "நாப்பத்தொன்னு" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. வண்டி நிற்கவில்லை. கோப்பை இன்றும் அதே சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள், இப்போது மேற்பார்வையாளராக.

இதுவரை எழுதியதை என் நாத்தனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரிதான் அண்ணி. யாருமே கை தட்டலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத மட்டும் மாத்திடுங்க. ஒருத்தங்க தட்டினாங்க. மூணாவது வரிசையில, வளையல் சத்தத்தோட. தலைவர் எழுதறத நிறுத்திட்டு, 'அம்மா, நீங்க அந்த பஸ்ஸுல போறவங்களா?'ன்னு கூடக் கேட்டார். 'இல்லைங்க, நான் கணக்கு டீச்சர்'னு சொன்னீங்க."