பாதிச் சம்பளம், பாதி ஸ்டியரிங்

தெருவில் எல்லாருக்கும் அவள் டீச்சர். பள்ளிக்கூடம் இருக்கும் திசையில்கூட அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. சொல்லிக்கொடுத்தது கார் ஓட்ட. கூரையில் பலகை மாட்டிய சின்னக் கார். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் கால் எட்டுகிற இடத்தில் ஒரு பிரேக் இருந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. வாய்க்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. டாக்டர் அதை நல்ல செய்தி என்றார். டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம், வீட்டை வித்து அந்தச் செலவைப் பார்த்துக்கலாம்" என்றான் அண்ணன். வேறு ஊரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். எதையும் சதுர அடியில் யோசிப்பான்.

"அவங்க படுத்திருக்கும்போதே வீட்டை அளக்கறியா? உன் காசு ஒரு பைசா வேண்டாம். நான் பார்த்துக்கறேன்" என்று போனை வைத்தாள். சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆனது. பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

பகல் முழுதும் அவள் ரோட்டில் இருக்க வேண்டும். ஆகவே வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. மாடி அறையை வாடகைக்கு விட்டாள். இரண்டாவது காரை விற்றாள். விடியற்காலை வகுப்பு ஒன்றைக் கூட்டினாள். அப்படியும் ஆள் கேட்ட சம்பளத்தில் பாதிதான் தேறியது.

வந்தவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்துப் பழகியவள். பெண் குழந்தையைத் தங்கையிடம் விட்டிருந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, இருக்கிற பணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டாள்.

"மீதிக்கு எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க, டீச்சர். லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதை அப்போ பேசிக்கலாம்."

டீச்சருக்கு வலியில்லாத பேரமாகத்தான் தெரிந்தது. கார் இருக்கிறது, கால் இருக்கிறது, சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அம்மாவைத் தனியாக விட முடியாது என்பதால் பாடத்துக்கு அவளும் வந்தாள். பின் சீட்டில் முதுகுக்குத் தலையணை, மடியில் தண்ணீர் பாட்டில், பெல்ட். இரண்டே நாளில் அம்மா புதியவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"மேனேஜர், திரும்பும்போது கொஞ்சம் மெதுவா. உள்ளே ஒரு உயிர் இருக்கு."

"உங்க உயிர் கெட்டி உயிரும்மா. பள்ளத்துல இறக்கினாக்கூட வாய் பேசும்."

"பாரு, சம்பளமும் வாங்கிக்கிட்டுத் திட்டும் குடுக்கறா!"

மேனேஜருக்கு ஓட்ட வந்துவிட்டது, அதுவும் சீக்கிரமே. அந்தச் சமயத்தில் வேறொரு சங்கதியும் டீச்சர் காதில் விழுந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு கம்பெனியில் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு நல்ல சம்பளமாம். ராத்திரி அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். மேனேஜர் இதைத் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஒளிக்கவில்லை. மகளோடு இருக்க வேண்டும் என்று நினைப்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவள் போய்விடுவாள் என்பது டீச்சருக்கு அன்றுதான் உறைத்தது.

முதலில் தேர்வுக்குத் தேதி வாங்குவதைத் தள்ளிப்போட்டாள். பிறகு அவள் கால் வேலையைத் தொடங்கியது. மேனேஜர் முச்சந்தியைச் சரியாக நெருங்கும்போது டீச்சரின் பிரேக் அழுந்தும். வண்டி குலுங்கி நிற்கும். "பார்த்தியா? இன்னும் தூரம் பிடிபடலை உனக்கு" என்பாள். மேனேஜர் முகம் சுருங்கும். அடுத்த முச்சந்தியில் தன்மேலேயே நம்பிக்கை இழந்து நிஜமாகவே தப்புச் செய்வாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற காரியம் இவ்வளவு எளிதில் கைவந்துவிடுவது டீச்சருக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் வண்டி குலுங்கி நின்றதும் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டி பிரேக் போட்டே?"

"யாரு, நானா?"

"நான் இங்கேருந்து உன் முழங்காலைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன். ரோட்டுல ஈ, காக்காகூட இல்லை. நேத்தும் இப்படித்தான். அந்தப் பொண்ணு ஒழுங்காத்தானே ஓட்டுது?"

அதற்குள் பின்னால் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. மேனேஜர் வண்டியை மறுபடி கிளப்பி, ஒரு குலுக்கல் இல்லாமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அம்மாவை இறக்கிக் கட்டிலில் படுக்கவைத்து, துணி மாற்றி, மருந்து கொடுத்தாள். பிறகு சமையலறைக்கு வந்தாள்.

"டீச்சர், இது எனக்குச் சம்பளம். சம்பளத்துல கலப்படம் பண்ணாதீங்க."

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு..."

"அதைக் கேட்டிருக்கலாமே."

மறுநாள் டீச்சர் தேர்வுக்குத் தேதி வாங்கினாள். மேனேஜர் முதல் தடவையிலேயே தேறினாள். லைசென்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமலே பதில் சொன்னாள்:

"முழுச் சம்பளமும், ஞாயித்துக்கிழமை லீவும் குடுத்தா பொண்ணோட இந்தப் படிப்பு வருஷம் முடியிற வரைக்கும் இருக்கேன். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி. அம்மாவைப் பிடிச்சிருக்கு, ஆனா அதை வச்சு ஃபீஸ் கட்ட முடியாது."

நியாயத்தைத்தான் கேட்டாள். விற்க இன்னொரு கார் இல்லை, விட இன்னொரு மாடி இல்லை. டீச்சர் இதுவரை தொடாமல் வைத்திருந்தது அவளுடைய வீறாப்பு ஒன்றுதான். அம்மா கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"அடடா, மகராணி! நம்பர் மாறிப் போட்டுட்டியா?"

"பணம் வேணும், அண்ணா. மாசாமாசம். ஞாயித்துக்கிழமைக்கு ஆளும் வேணும்."

அவன் கடைச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தான்.

"ஒரு பைசா வேண்டாம்னு சொன்ன வாயா இது?"

"அதே வாய்தான். திட்டி முடிச்சுட்டு பதில் சொல்லு."

"நீ கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் அம்மாவைப் பார்க்க வர்றதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துச்சு, தெரியுமா?" என்றவன் குரலை மாற்றிக்கொண்டான். "தர்றேன். ஆனா என்னைக்காவது வீட்டை வித்தா நான் குடுத்ததை முதல்ல எடுத்துக்குவேன். அப்புறம் மீதியில பாதிப் பாதி."

டீச்சருக்குக் காது சூடானது. தான் ராப்பகலாகப் பார்த்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மா இடது கையை நீட்டினாள்.

"குடு போனை. டேய், என் வீட்டை என் தலைமாட்டுலயே உக்காந்து பங்கு போடறீங்களா? கேட்டுக்கோ. நீ குடுத்ததை எடுத்துக்கோ. இவ கார் வித்தாளே, அதையும் எடுத்துக்கட்டும். மீதியில பாதிப் பாதி. சம்மதம்னா ஞாயித்துக்கிழமை வா. எனக்குத் துணி மாத்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

"மேனேஜர் சொல்லிக்குடுப்பா. சனிக்கிழமையே வந்துடு."

அவன் சனிக்கிழமை மத்தியானம் வந்தான். மேனேஜர் அவனுக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் விதத்தை மூன்று தடவை காட்டினாள். மூன்றாவது தடவையும் அவன் தலையணையைத் தப்பான பக்கம் வைத்தான். அவள் அதை மாற்றிவைத்துவிட்டு, மகளைப் பார்க்கக் கிளம்பினாள்.