ஐஸ் பெட்டியுடன் நிற்பவர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தேன். என் வயதுதான் இருக்கும். ஆயுதம்… ஒரு பென்சில்.

சிங்கப்பூரில், மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வாசிப்பு மூலை இருக்கிறது. இரண்டு அலமாரி, ஆறு நாற்காலி, ஒரு குழு. அதற்குப் பதினான்கு விதிகள் எழுதியவன் நான். சிரிக்காதீர்கள் – முப்பது வருடம் அலுவலகக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனிடம் அலமாரியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

சில மாதங்களுக்கு முன் யாரோ ஒரு பெட்டிப் புத்தகம் நன்கொடையாகத் தந்தார். நிறுவனங்களை நடத்துவது பற்றி நான்கு. அறிவியலில் சாதித்த பெண்கள் பற்றி மூன்று. குதிரை இனப்பெருக்கம் பற்றி ஒன்று. அடுக்குமாடி வீட்டில் குதிரை வளர்ப்பவர் யார்? இருந்தாலும் அடுக்கி வைத்தேன்.

அந்தக் குதிரைப் புத்தகத்தில் ஒரு படத்தின் கீழே யாரோ பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அழித்தேன். அடுத்த வாரம் அதே வரி, அதே இடத்தில். மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. அதையும் அழித்தேன். ஒன்பதாம் விதிப்படி, கிறுக்கிய புத்தகம் சனிக்கிழமை பழைய காகிதத்தோடு போய்விடும். பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஆனால், கிறுக்கியவரை விடுவேனா? நாளிதழை விரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தார். நேராகக் குதிரைப் புத்தகத்தை எடுத்தார். பைக்குள்ளிருந்து பென்சில் வந்தது. நான் அழித்த வரியை மறுபடி எழுதினார்.

“அம்மா, இது பொதுப் புத்தகம்.”

“தெரியும் சார். அதனாலதான் எழுதுறேன்.”

இந்தப் பதிலுக்கு என் பதினான்கு விதிகளிலும் இடமில்லை.

படத்தைக் காட்டினார். ஒரு பெண்குதிரை. கீழே அதன் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பண்ணை முதலாளி பெயர். குதிரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் கையில் ஐஸ் பெட்டியுமாக ஓர் இளம்பெண். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பென்சில் வரி மட்டும்: ‘ஐஸ் பெட்டியுடன் நிற்பவர் ஸ்டெல்லா.’

“நான்தான். லேப்ல இருந்தேன். ஜோகூர் பண்ணையில இருந்து குதிரை ரத்தம் டெஸ்டுக்கு வரும். பாதிக்கு மேல சினை இல்லன்னு ரிசல்ட். ஆனா குதிரை குட்டி போடுது! எப்படி சார்?”

“எப்படி?”

“எல்லைப் பாலத்துல ஜாம். வேன் வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்கும். ரத்தம் கெட்டுப்போகுது. லேப் டாக்டர் நம்பல. நானே ஐஸ் பெட்டியத் தூக்கிட்டுப் போய் எடுத்துட்டு வந்து காட்டினேன்.”

புத்தகத்தை எழுதியவர் அந்த டாக்டர்தான். ஆறாம் அத்தியாயத்தில் இந்த விஷயம் இருக்கிறது – ‘கண்டறியப்பட்டது’ என்று. யார் கண்டறிந்தார்? குறிப்பில்லை. முப்பது வருடம் நானும் அப்படித்தான் கோப்புகளில் எழுதினேன். நிறுவனம் பற்றிய அந்த நான்கு புத்தகங்களிலும் எந்தப் பதவிக்குக் கீழே எந்தப் பதவி என்று பெட்டி பெட்டியாகப் படம் போட்டிருக்கிறது. பெட்டிக்குள் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை.

“பொம்பள விஞ்ஞானிங்க புத்தகமும் பார்த்தேன் சார். எல்லாரும் பரிசு வாங்கினவங்க லா. ஐஸ் பெட்டி தூக்கினவங்க ஒருத்தரும் இல்ல.”

“இந்தப் புத்தகத்தை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாமே?”

“வீட்டுல ஒண்ணு இருக்கு. வீட்டுல எல்லாருக்கும் என் பேரு தெரியும்.”

சனிக்கிழமை புத்தகம் குப்பைக்குப் போகிறது என்று சொன்னேன். அவர் பென்சிலைப் பைக்குள் வைத்தார். “பதினெட்டு வருஷ வேலை. அச்சுல வந்தது இந்த ஒரு படம்தான் சார்.” சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆதாரம் கேட்டேன். பழக்கதோஷம். பழைய லேப் பாஸை நீட்டினார். புத்தகப் படத்தில் இருந்த அதே முகம், அதே இரட்டைப் பின்னல்.

விதிகளை எழுதியவனுக்கு ஒரு வசதி உண்டு. வேறு யாரும் படிக்காத விதியும் அவனுக்குத் தெரியும். பதிமூன்றாம் விதி: புத்தகத்தில் தகவல் விடுபட்டிருந்தால் குழு அச்சிட்ட திருத்தச் சீட்டு ஒட்டலாம், இரண்டு கையெழுத்து வேண்டும். ஒட்டிய புத்தகத்தை நீக்கக் கூடாது.

சீட்டுக்கு அவருடைய முழுப்பெயரைக் கேட்டேன், அடையாள அட்டையில் உள்ளபடி ‘இன்னாரின் மகள்’ என்று.

“அப்பா பேரு எதுக்கு சார்? அது குதிரைக்குத்தான் கேப்பாங்க.”

அச்சடித்து வந்த சீட்டில் ஸ்டெல்லா என்றே நிரப்பினேன். வேலை: ஆய்வாளர்.

இரண்டாவது கையெழுத்துக்குக் குழுச் செயலாளர் கண்ணனிடம் போனேன்.

“ஒன்பதாவது விதிய எழுதுனதே நீங்க. இப்ப நீங்களே வளைக்கிறீங்களா?”

“வளைக்கல. பதிமூணாவத நீங்க படிக்கல.”

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை, ஸ்டெல்லா பார்த்திருக்க, சீட்டைப் படத்தின் கீழே ஒட்டினேன். கோணலாகத்தான் வந்தது. அவர் விரலால் தடவித் தடவி நேராக்கினார்.

பக்கத்தில் நின்ற கண்ணனுக்கு என் கையில் இருந்த சீட்டுக் கட்டைப் பார்த்ததும் சந்தேகம். பெயருக்கு இடம் விட்ட வெற்றுச் சீட்டை சிராங்கூன் சாலை அச்சுக்கடையில் நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம்.

“ஒரு ஆளுக்கு எதுக்குங்க நூறு சீட்டு?”

மிச்சம் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. பத்தாது என்றுதான் நினைக்கிறேன்.