பூஜையில் வைத்த பழைய சர்வர்

திங்கட்கிழமை காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் தொழிற்சாலை கேட்டுக்குள் நான் இன்னும் சரியாக நுழையக்கூட இல்லை. வாட்ச்மேன், "மேடம், டெஸ்பாட்ச்ல உன்னத்தான் தேடிக்கினு கீறாங்க, ஓடு" என்றார். ஆயுத பூஜைக்கு நாலு நாள் மூடிக் கிடந்த கம்பெனி அது. திறந்த அரை மணி நேரத்தில் என்னைத் தேடுகிறார்கள் என்றால் நல்ல சேதியாகவா இருக்கும்?

தொண்ணூறுகளின் கடைசி. கார்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் இடம். நாற்பது கம்ப்யூட்டர், அவற்றைக் கட்டி மேய்க்க நான் ஒருத்தி. என் ஆறு மாத புரொபேஷன் அந்த வாரம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை டைப் அடித்தவளே என் காதில் சொல்லியிருந்தாள். அப்பா ஆவடியில் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த மாதத்தோடு ரிட்டையர்மெண்ட். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இருபத்தெட்டு வருஷம் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோவில்பதாகையில் ஒரு வீடு பேசி வைத்திருந்தோம். வீட்டுக்காரர், பொண்ணுக்கு பர்மனென்ட் வேலைதானே என்று இரண்டு முறை கேட்டார். அப்பா இரண்டு முறையும் ஆமாம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். அது இல்லையென்றால் நாங்கள் நாலு பேரும் எங்கே போவோம் என்று எனக்குத் தெரியாது.

டெஸ்பாட்ச்சில் நாலு கம்ப்யூட்டரும் எழுந்து உட்கார்ந்திருந்தன, ஆனால் எதற்கும் சர்வர் கண்ணில் படவில்லை. ஸ்டோர்ஸிலும் அப்படித்தான். அக்கவுண்ட்ஸில் மட்டும் சிலது ஓடின. வெளியே இரண்டு லாரிகள் சரக்கு ஏற்றித் தயாராக நின்றன. இன்வாய்ஸும் கேட் பாஸும் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும். பதினொரு மணிக்குள் லாரி கிளம்பாவிட்டால் மத்தியானம் கார் கம்பெனியில் வேலை நிற்கும். அங்கே நின்றால் இங்கே தலை உருளும். எந்தத் தலை என்று கேட்கவும் வேண்டுமா?

ஏனென்றால் இந்த ஏற்பாட்டை இழுத்து வந்தவளே நான். ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றோடு பேச அதற்கென்று ஓர் எண் வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. எனக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கையால் அடித்து வைத்திருந்தார். ஒரே எண்ணை இரண்டுக்குக் கொடுத்துவிட்டால் தகராறு. நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே! சர்வரே எல்லாவற்றுக்கும் தானாக எண் கொடுக்கட்டும், மூன்று நாளைக்கு ஒரு முறை அதுவே புதுப்பித்துக்கொள்ளும் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். நன்றாக ஓடுவதை எதற்கம்மா நோண்டுகிறாய் என்றார். பிறகு, "சரி, செய். ஆனா ஏதாவது ஆச்சுன்னா வேற யாரையும் கேக்க மாட்டேன். உன்னைத்தான் கேப்பேன்" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்.

சர்வர் அறைக்கு ஓடினேன். எண் கொடுக்கும் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொடுப்பதற்கு எண்கள் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தன. பிழை என்று ஒரு வரிகூட எங்கும் பதிவாகவில்லை. கெட்டுப்போயிருந்தால் எங்கே கெட்டது என்று தேடலாம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் எதைத் தேடுவது? அந்த நிமிஷம்தான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. சர்வரை நிறுத்தி மறுபடி ஆன் செய்தேன். அது எழுந்து வருவதற்குள், அக்கவுண்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்ததும் போய்விடுமோ என்று திருவேற்காட்டு அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். எழுந்து வந்தது. ஒன்றும் மாறவில்லை. இண்டர்காமில் மேனேஜர் இரண்டாவது முறையாகக் கூப்பிட்டு, என்னம்மா ஆச்சு என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மணி பத்தேகால். முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். டெஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதற்கு இப்போது என்ன எண் கிடைத்திருக்கிறது என்று பார்த்தேன். எண் இருந்தது. ஆனால் எங்கள் சர்வர் கொடுக்கும் வரிசையில் இல்லை. ஸ்டோர்ஸில் பார்த்தேன், அதுவும் அப்படியே. யாரோ ஒருவர் எங்கள் பந்தியில் புகுந்து வேறு சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறார். அந்தத் திரையிலேயே, எந்த சர்வர் இதைக் கொடுத்தது என்றும் ஒரு வரி இருக்கும். படித்தேன். அது நான் என் கையால் வைத்த எண். இந்த வேலையைப் பழகிக்கொள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரை இரண்டு வாரம் சர்வராக வைத்துப் பார்த்தேனே, அதன் எண். பழகி முடித்ததும் அந்த வேலையை அதிலிருந்து எடுத்துவிட்டிருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. எங்கே இனி அதை ஆன் செய்யப் போகிறோம் என்று அணைத்துப் பழைய சாமான்களோடு போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை நடந்தது அப்போது ஞாபகம் வந்தது. பூஜைக்காக மத்தியானமே எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எதையும் விட்டுவிடக் கூடாது. துருப்பிடித்த ஸ்பேனருக்கும் பொட்டு உண்டு. கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "தங்கச்சி, இதுவும் ஒழைச்சதுதானே, இதுக்கு மட்டும் இன்னா பாவம், ஒரு பொட்டு வெச்சுரலாமா?" என்று கேட்டார். எனக்குக் குஷி. எலக்ட்ரிகல் ரூமில் அவருடைய கருவிகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். அணைந்து கிடந்தால் நன்றாக இருக்குமா என்று நானே ஆன் செய்தேன். பின்னால் பச்சை விளக்கு மினுக்கட்டுமே என்று நெட்வொர்க் கேபிளையும் நானே சுவரில் செருகினேன். பூஜையில் வைத்ததை மறுபடி வேலை தொடங்கும் வரை யாரும் தொட மாட்டார்கள். நாலு நாளும் அது ஓடியிருக்கிறது. அதற்குள் மற்ற கம்ப்யூட்டர்களின் மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது. காலையில் எழுந்து புதிதாக எண் கேட்டதும், எது முந்திக்கொண்டதோ அது கொடுத்திருக்கிறது.

எலக்ட்ரிகல் ரூமில் அண்ணன் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் பொரியும் வாடிய சாமந்தியும் அப்படியே இருந்தன. நான் நேராகப் போய்க் கேபிளைப் பிடுங்கினேன். பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார்.

"இதனாலதானா?"

"ஆமா சார்."

"யாரு இதைப் போட்டு வெச்சது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாமந்தியைப் பார்த்தேன். "தூக்கியாந்தது நான்தான் சார்" என்றார் அவர். அது நிஜம். அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொல்வதற்கு அவர் இடம் விட்டார், எனக்கு அது தெரிந்தது. நான் பிடுங்கிய கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் உனக்கு என்னய்யா வேலை என்று மேனேஜர் அவரைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம் திரும்பி, எவ்வளவு நேரம் ஆகும் என்றார். அரை மணி நேரம் என்றேன்.

அரை மணி நேரம்தான் ஆயிற்று. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ப் பழைய எண்ணைக் கைவிடச் செய்து புதிது வாங்கிக் கொடுத்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரிகள் போயின. மேனேஜரிடம் சொல்லிவிடுவோம் என்று சத்தியமாக நினைத்துத்தான் அவர் அறைக்கு நடந்தேன். வழியில் வாட்ச்மேன், எலக்ட்ரீஷியனுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், கான்ட்ராக்டரிடமும் இனி அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றார். நான் உள்ளே போனேன். மேனேஜர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளி, நல்லவேளை கண்டுபிடித்தாய் என்றார்.

"சார்..." என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்பா ஃபிட்டர், எந்தப் பழுதென்றாலும் காரணம் கேட்காமல் விட மாட்டார். இன்றைக்கு என்னமோ மெஷின் நின்றுபோனதாமே என்றார். பழைய பெட்டி ஒன்று பூஜையில் ஓடிக்கொண்டே இருந்துவிட்டது என்று விவரமாகச் சொன்னேன்.

"ஏளா, யாரு அதப் போட்டு வச்சது?"

"எலக்ட்ரீஷியன்ப்பா."

"அறிவு வேண்டாமா அவனுக்கு?"

"ஆமாப்பா" என்றேன். காலையில் பயத்தில் வாய் வரவில்லை. வீட்டில் என்னை யாரும் பயமுறுத்தவில்லை.