ஹீல் போட்ட நாற்காலிகள்

எஸ்தர் மேடம் காலமான செய்தி வந்தபோது நான் மாதனூர் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியில் ஓர் அலுவலகம் வேண்டாமென்று கழித்த இரும்பு அலமாரிகள். அவற்றைக் குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கு ஏற்பாடு செய்ததே அவர்தான். ஷூ தைக்கும் கஸ்தூரி போனில், "மாமா, மேடம் போய்ட்டாங்க" என்றாள். "எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டேன். எங்கேயோ பழைய பெஞ்சு கிடப்பதாகத் தகவல் வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இறங்கிக் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். கஸ்தூரி அழுதாள்.

அலமாரிகளை இறக்கிவிட்டுத்தான் திரும்பினேன். பாதி வழியில் திரும்பியிருந்தால் சவப்பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நிர்வாக அலுவலராக இருந்தவர். உயரம் என் தோள் வரைதான். குரலோ, வாணியம்பாடியில் எழுந்தால் வாலாஜாபேட்டையில் கதவு சாத்தும். நான் அந்தக் கம்பெனிக்கு மினி லாரி ஓட்டுகிறவன். ஊரே என்னை மாமா என்று கூப்பிடும், அவரும் அப்படியே கூப்பிட்டார்.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் கம்பெனி அலுவலகத்துக்குப் புது மேசை நாற்காலி வந்துவிடும். பழையவற்றை உடைத்த பிறகே கேட்டுக்கு வெளியே விடுவார்கள். முழுசாகப் போனால் எவனாவது விற்றுவிடுவான் என்ற பயம். மரம் பாய்லருக்கு, இரும்பு காயலான் கடைக்கு. பஞ்சையும் ரெக்சினையும் பாலாற்றங்கரையில் கொளுத்துவார்கள். அந்தப் புகைக்குப் பயந்து இங்குள்ள காக்கைகள் குடும்பத்தோடு சித்தூருக்குக் குடிபெயர்ந்ததாகக் கேள்வி.

ஒருநாள் ஒருவர் நல்ல நாற்காலி ஒன்றின் மேல் சம்மட்டியை ஓங்கியிருந்தார். மேடம் போய் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், எந்திரிங்க. உடைக்கணும்."

"உடைப்பா. நானா வேணாங்கறேன்?"

சம்மட்டி அந்தரத்திலேயே நின்றது. அவர் என் பக்கம் திரும்பி, "இன்னா மாமா, வேடிக்கையா பாக்கற? வண்டி காலியாதான இருக்குது?" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான். மேனேஜரிடம் போராடி ஓர் அனுமதி வாங்கினார். பகல் சங்கு ஊதுவதற்குள் எடுத்துப்போவது அவருக்கு. சங்குக்குப் பின் மிச்சம் இருப்பது சம்மட்டிக்கு.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு நாற்காலியிலும் அவரே உட்கார்வார். யானைமேல் அம்பாரி ஏறியவர்போல இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் சாய்வார். ஆடினால் கீழே இறக்கச் சொல்வார். "ஆடற நாற்காலிய யாருக்கும் குடுக்காத மாமா. வேணாம்னு தூக்கிப் போட்டது அவங்க. வாங்கிக்கறவங்க எதுக்கு ஆடணும்?" என்பார். பாகாயத்து முதியோர் இல்லத்துக்குப் போன நாற்காலிகளில் என்னையும் உட்காரவைத்துப் பார்த்தார். என் எடைக்குத் தாங்கினால் ஏழு தலைமுறைக்கு நிற்குமாம்.

இனிச் சொல்லப்போவது கஸ்தூரியின் ஷெட்டில் நடந்தது. கஸ்தூரியும் அவள் கூட்டாளிப் பெண்களும் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவர்கள். வீட்டில் தரையில் குனிந்து தைத்தே முதுகு ஒடிந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து, மூடிக்கிடந்த பழைய தோல் பதனிடும் ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வேலை கொடுக்கும் பையர் ஒரு நிபந்தனை வைத்தார். தைப்பவர்கள் முதுகு சாய்க்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தரையில் ஒருத்தி இருந்தாலும் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். அந்தப் பெண்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அதைச் சோதிக்கப் பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்குள் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு நாற்காலிகளை ஷெட்டுக்குக் கொடுப்பதாக மேடம் சொல்லியிருந்தார். ஆனால் புது நாற்காலிகள் வரத் தாமதம். பழையவை கழிக்கப்பட்டது ஆடிட்டர் வரும் அன்று காலையில்தான். அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தோம். என் வண்டியின் பின்சக்கரம் கேட்டைத் தாண்டவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. சம்மட்டிக்காரர் எங்களுக்கு டாட்டா காட்டினார்.

ஷெட்டில் முதல் நாற்காலியை இறக்கி வைத்தேன். அது தானாக நகர்ந்து, மெல்ல உருண்டு, வடிகால் ஓரம் போய் நின்றது. அடுத்ததும் அதன் பின்னாலேயே போனது. சற்று நேரத்தில் எல்லா நாற்காலிகளும் வடிகாலைச் சுற்றி மாநாடு கூட்டிவிட்டன.

தோல் ஷெட்டின் தரை சமமாக இருக்காது. கழுவின தண்ணீர் ஓடிப்போகச் சரிவாகக் கட்டியிருப்பார்கள். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். அங்கே அடியில் சக்கரம் வைத்த நாற்காலிகளை இறக்க எங்களைத் தவிர வேறு எந்த மேதைக்கும் தோன்றாது.

கஸ்தூரி ஒன்றில் உட்கார்ந்து தைத்துப் பார்த்தாள். தையலோடு வழுக்கிப் போனாள். "அல்லா! ஊசிய அந்தாண்ட புடிடி!" என்று பக்கத்தில் இருந்த கூட்டாளி நஸ்ரீன் அலறிக்கொண்டு விலகினாள். மயிரிழையில் அவள் கை தப்பியது.

அதற்குள் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். ஆடிட்டர் வாலாஜா டோல்கேட் தாண்டிவிட்டார்.

"ஆம்பூருக்கு வர்றவரு பிரியாணி சாப்பிடாம வருவாரா? நமக்கு ஒரு மணி நேரம் ஜாஸ்தி" என்று நான் பிரகடனம் செய்தேன். மறுபடியும் போன். "சார் தயிர்சாதம் கட்டினு வந்துகிறாராம். நேரா ஷெட்டுக்குத்தான் வர்றாரு."

கஸ்தூரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வுடுங்க மேடம். நமக்குத் தரைதான்."

"எந்திரி. முதுகு உன்னுது, அதை நீயே வுட்டா எப்படி?" என்றார் மேடம். ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, கடப்பாரையால் சக்கரத்தை நெம்பி எடுத்தார். அந்த ஓட்டையை ஒரு கணம் பார்த்தார். மூலையில் கழித்த ஷூ ஹீல்கள் ஒரு மூட்டை கிடந்தது. அதையும் பார்த்தார்.

"மாமா, கட்டையச் சீவு."

நான் கட்டையை முளையாகச் சீவ, பெண்கள் அதை ஓட்டையில் இறுக்கி, அடியில் ஹீலை வைத்து ஆணி அடித்தார்கள். பள்ளிகொண்டா டோல் தாண்டியாச்சு என்றது போன். சுத்தியல் சத்தத்தில் எனக்கு என் மூச்சே கேட்கவில்லை. அந்த அவசரத்திலும் மேடம் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து சாய்ந்து பார்த்துத்தான் விட்டார். மாதனூர் தாண்டியாச்சு.

கடைசி நாற்காலி ஆடியது. ஒரு ஹீல் குட்டை. மூட்டையைக் கொட்டிக் கவிழ்த்தும் அந்த உயரத்துக்கு இன்னொன்று இல்லை. வெளியே கார் ஹார்ன் அடித்தது.

"மேடம், அத ஓரமா போட்டுடலாம்" என்றேன்.

"ஓரமா போட்டா ஒருத்தி தரையில உக்காரணும், தெரியுமா?"

தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். அதன் ஹீலைத் தட்டிப் பெயர்த்துக் கஸ்தூரியிடம் நீட்டினார். அவள் அடித்து முடித்ததும் உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை. "நஸ்ரீன், வா, உக்காரு."

ஆடிட்டர் ஒல்லியானவர், பேசாதவர். மேடம் ஹீல் போன செருப்புக் காலை நுனியில் ஊன்றியபடி கூடவே நடந்தார். எத்தனையோ நாற்காலிகள் இருக்க, அந்த மனிதர் நேராக நஸ்ரீனிடம் வந்து அவளை எழச் சொன்னார். தானே உட்கார்ந்தார். பின்னால் உந்தினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"இது என்ன?"

"ஹீல் சார். தரை சரிவு. சக்கரம் இருந்தா ஓடுது, அதான் எடுத்துட்டோம்."

அவர் ஹீலை விரலால் தட்டிப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் பாலாற்றில் இருமுறை வெள்ளம் வந்து வடிந்திருக்கும். கஸ்தூரி என் முழங்கையைப் பிடித்த பிடியில் இன்றும் வலி இருக்கிறது.

"வடிகாலுக்கு மூடி போடுங்க. அடுத்த தடவை வந்து பாக்கறேன்" என்றார் கடைசியில். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்பது புரிய எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. வாசலில் திரும்பி, "இப்பவாவது காலைக் கீழ வைங்க மேடம்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் மேடம் ஓயவில்லை. போன வாரம் இதய நோயோடு வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "வெளிய பெஞ்சு ஒண்ணு ஆடுது, பாத்தியா? முட்டுக் குடு போ" என்றார். அட்டையை மடித்து வைத்துவிட்டு வந்து சொன்னேன். தலையசைத்துக் கண் மூடினார். என்னோடு அவர் பேசியது அதுவே கடைசி.

அவர் வீட்டுச் சந்தும் சரிவுதான். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரப் பெண்கள் ஷெட்டை மூடிவிட்டு அந்த நாற்காலிகளை என் வண்டியிலேயே கொண்டுவந்தார்கள். கஸ்தூரி கையை மூடிக்கொண்டு நின்றாள். திறந்தால், அந்த ஹீல்.

"மேடம் கூடயே போவட்டும் மாமா."

"நஸ்ரீன் நாற்காலியுதா?"

"ஆமா."

"அப்ப நஸ்ரீன் எதுல உக்காருவா?"

அவள் என்னை வெறித்தாள். பிறகு உள்ளே போய் ஹீலை மேடத்தின் காலடியில் வைத்தாள், எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெபத்துக்கு நடுவே வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. போதகர் நிறுத்தி, சத்தம் ஓயும் வரை காத்திருந்தார்.

நஸ்ரீன் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள்.

ஆடவில்லை, மேடம். நீங்கள் போய் வாருங்கள்.