வழுக்கு மரத்தில் கடைசி ஆள்

ஆங்கில வருஷப் பிறப்பன்று பினாங்குக் கடற்கரைத் திடலில் விளையாட்டுப் போட்டி நடக்கும். கொழுப்பு பூசிய வழுக்கு மரத்தின் உச்சியில் ஒரு ஜோடி புது வேட்டி கட்டியிருப்பார்கள். ஒரு வருஷம், அதற்கு முந்தின தீபாவளிக்கு நான் புதுத்துணி எடுத்திருக்கவில்லை. அந்த வேட்டி எனக்கு வேண்டும்.

அவரை அங்கேதான் பார்த்தேன். பாலிக் புலாவ் பக்கம் தென்னையில் கள் இறக்குகிறவர். மரம் உரசி உரசி நெஞ்சு காய்த்துக் கறுத்திருந்தது. ஒவ்வொருவரும் சறுக்கி விழுந்ததும் அவர் எழுந்துபோய் மரத்தை ஒரு விரலால் தடவுவார். விரலைப் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

"என்னண்ணே, பயமா?" என்று கேட்டேன்.

"நீ ஏறு தம்பி. எனக்கு அவசரமில்லலா."

ஏறினேன். உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது சறுக்கிவிட்டேன். நான் கட்டியிருந்த வேட்டியெல்லாம் கொழுப்பு. அவர் மறுபடியும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் ஏறிப் புது வேட்டியோடு இறங்கினார்.

"நாங்க துடைச்சு வச்சோம், நீங்க எடுத்துட்டீங்க!" என்றேன்.

"தெரியுதில்ல? அப்ப அடுத்த வருஷம் நீ கடைசியா ஏறு" என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் கடைசி ஆளாக ஏறுவது என்ற முடிவோடு போனேன். அவரும் வந்திருந்தார். இந்த முறை விரலால் தடவிப் பார்க்கவில்லை. மரம் பளபளவென்று இருக்கும்போதே முதல் ஆளாகப் போய்க் கட்டிப்பிடித்தார். பாதியில் சறுக்கினார். நெஞ்செல்லாம் கொழுப்போடு, என்னைப் பார்க்காமலே நடந்து போனார்.

அன்று வேட்டியை நான்தான் எடுத்தேன். இறங்கியதும் அவரைத் தேடினேன். காணவில்லை. அவசரமில்லை என்றவர் அந்த வருஷம் ஏன் முதலில் ஏறினார்?