நான் சொல்லாமல் விட்ட பாதி

மார்பில் வரும் நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை. வெறும் நீர் மட்டும் நிறைந்த சாதாரணக் கட்டி புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை. இதை இன்று உறுதியாகச் சொல்வேன். அன்றும் உறுதியாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் நான் செய்த பிழை.

என் மனைவியின் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டதும் மாத்தளை டவுனில் ஒரு சிங்கள டொக்டரிடம் கூட்டிப்போனேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் ஆங்கிலத்தில் என்னோடு மட்டுமே பேசினார். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி எங்கள் இருவரின் வாய்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்தி நீரை எடுத்ததும் கட்டி வற்றிப்போனது.

டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இந்தக் கட்டியால் பயமில்லை என்பது ஒன்று. இனிமேல் எந்தப் புதுக் கட்டி வந்தாலும், இதுவும் அதுதான் என்று நினைத்து இருந்துவிடாமல் உடனே வரவேண்டும் என்பது மற்றது.

"என்ன செல்றாரு?" என்று கேட்டாள்.

"வெறும் தண்ணிக் கட்டி. ஒண்டுமில்ல. கேன்சராகாது. எழும்புங்க, போவோம்."

நீண்ட பத்தியை மூன்றில் ஒன்றாகச் சுருக்க வகுப்பில் பிள்ளைகளைப் பழக்கியவன் நான். பாதி இரவு விழித்திருப்பவளை மேலும் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தது உண்மை. எதை அவளுக்குச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது என் வேலை என்று நான் எண்ணியிருந்ததும் உண்மை.

இரண்டு வருடம் கழித்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகள் வந்திருந்தாள். உடை மாற்றும்போது உம்மாவின் அக்குளோரம் ஒரு தடிப்பைக் கண்டாள். தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"எப்ப இருந்து ஈக்கி உம்மா?"

"நோம்புக்கு முந்தியே ஈக்கி, நாலு மாசமாகும். அது தண்ணிக் கட்டி புள்ள. அது கேன்சராகாதெண்டு வாப்பா அப்பவே செல்லிட்டாரே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம்.

அது புற்றுநோய். அதே டொக்டரின் அறையில் மகள் நடுவில் உட்கார்ந்தாள். பழைய நீர்க்கட்டியிலிருந்து இது வரவில்லை, இது தனியாக வந்தது என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, புதிதாக எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தேனே என்று கேட்டார். மகள் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அண்டைக்கே செல்லினாரா?"

"செல்லினார்."

"நீங்க எனக்குச் செல்லல்ல."

"இல்ல."

அவள் அழவில்லை. டொக்டரைப் பார்த்து, கடைவீதியில் பழகிய சிங்களத்தில், இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அவரும் எளிய சிங்களத்தில் அவளுக்கே பதில் சொன்னார். நாற்பது வருடம் அவளுக்காக நான் பேசிவந்தேன். பேசவிட்டிருந்தால் அவளே பேசியிருப்பாள்.

கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது. தலைமுடி கொட்டியது, திரும்பவும் முளைத்தது. அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சுக்கும் நோய் பரவியிருந்ததால் மருந்து நீண்டது. முந்தி வந்திருந்தால் அந்தப் பரவல் இல்லாமல் போயிருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் நான் வாழ்கிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். நன்றாகவே இருப்பாள் என்று நம்புகிறேன்.

இப்போது கிளினிக்குக்குப் போனால் கதவருகே என்னை நிறுத்திவிடுவாள். "நீங்க இங்கின இரிங்க." மகளும் இல்லாமல் தனியாக உள்ளே போவாள். போன முறை வெளியே வந்ததும், டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் பெய்த்து செல்றன்," என்றாள். "முழுசாச் செல்லணும். நேரமெடுக்கும்."